பேஸ் கிட்டார் ஆம்ப்: ஒப்பிட்டுப் பார்ப்பதும் தெளிவான ஒலியைப் பெறுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்கள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள் பல வடிவங்களில் வந்தாலும், பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஒரே குறைதான்: சத்தம் வருகிறது, தெளிவு வரவில்லை. ஒத்திகை முடிந்து வயர்களைச் சுருட்டும் நேரத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் பயன்படும் என்பதால் இதைத் தொகுத்தேன். அடிப்படையான கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை வைத்தே பேசுவதால், முதல் முறை படிப்பவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

தெளிவான பேஸ் ஒலி என்றால் என்ன? எனக்குச் சத்தம் கேட்கிறது, என்ன சுரம் என்றுதான் தெரியவில்லை.

தெளிவு எது என்பதை உங்கள் கேள்வியே சொல்லிவிடுகிறது. வாசித்தது எந்தச் சுரம், அது எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்ற மூன்றும் கேட்பவருக்குச் சிரமமின்றிப் புரிந்தால் அந்த ஒலி தெளிவானது. மென்மையான ஒலியும் தெளிவாக இருக்கலாம், கரகரப்பான ஒலியும் தெளிவாக இருக்கலாம்.

நான்கு தந்தி பேஸில், அழுத்தாமல் மீட்டிய ஈ தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. ஏ தந்தி 55, டி தந்தி 73, ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். ஆனால் காது ஒரு சுரத்தை அடையாளம் காண்பது இந்த அடி அதிர்வை மட்டும் வைத்து அல்ல. 41 ஹெர்ட்ஸில் அதிரும் தந்தியில் 82, 123, 165 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஹார்மானிக் எனப்படும் இந்த மேல் அதிர்வுகளிலிருந்துதான் மூளை சுரத்தைப் பெரும்பாலும் கணித்துக்கொள்கிறது. கைபேசியின் சிறு ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை உருப்படியாக எழுப்பவே முடியாது. இருந்தும் ஒரு பாட்டின் பேஸ் வரி எந்தச் சுரங்களில் நகர்கிறது என்பதை அதிலும் நம்மால் பின்தொடர முடிகிறது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவை.

பேஸ் குமிழை முழுக்கத் திருப்பியும் குழுவோடு வாசிக்கும்போது நான் காணாமல் போகிறேன். ஏன்?

முழுக்கத் திருப்பியதால்தான். கீழ் அதிர்வெண்கள் பலமாக இருக்கும்போது அவை தமக்கு மேலே உள்ளவற்றை மறைத்துவிடுகின்றன. மேலே உள்ளவை கீழே உள்ளவற்றை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. இது காதின் அமைப்பிலேயே உள்ள இயல்பு. ஆகவே 60 ஹெர்ட்ஸ் பக்கத்தை ஏற்ற ஏற்ற, சுரத்தை அடையாளம் காட்டும் உங்களுடைய ஹார்மானிக்குகளையே நீங்கள் மூடிக்கொண்டு போகிறீர்கள். அதே இடத்தில்தான் ட்ரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கும் இடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கேட்பவருக்கு மிஞ்சுவது ஓர் அதிர்வு மட்டுமே.

அடுத்த ஒத்திகையில் ஒன்று செய்து பாருங்கள். பேஸ் குமிழை நடுவுக்குச் சற்று இடப்புறமாகக் கொண்டுவந்து, நடு அதிர்வெண்களுக்கான மிட் குமிழைச் சற்றே வலப்புறம் நகர்த்தி, மொத்த ஒலியளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். தனியாக வாசித்தால் ஏதோ ஒல்லியாகிவிட்டதுபோல் தோன்றும். ட்ரம்ஸ் சேர்ந்ததும் நீங்கள் வெளியே வந்திருப்பீர்கள்.

தொனியைச் சரிசெய்யும் ஈக்யூ குமிழ்களை எங்கே வைத்துத் தொடங்குவது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள் என்பதுதான் வழக்கமான அறிவுரை. பெரும்பாலான புதிய ஆம்ப்களுக்கு அது சரியும்கூட. ஆனால் பழைய ஃபெண்டர் வகை மின்சுற்று உள்ள ஆம்ப்களில் நடு நிலை என்பது சமநிலை அல்ல. அவற்றின் அமைப்பே மிட்டைக் குழிவாக்குவது. பேஸையும் மேல் ஒலிக்கான ட்ரெபிளையும் நன்றாகக் குறைத்து மிட்டை மேலே ஏற்றினால்தான் சமநிலைக்கு அருகில் வர முடியும். எண்ணைப் பார்த்துக் குமிழ் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

அதிர்வெண்களை நான் இப்படி நினைவில் வைத்திருக்கிறேன். 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை உடலில் உணரும் கனம். 200 முதல் 300 வரை உள்ள பகுதி குறைந்தால் ஒலி உள்ளீடற்றுப் போகும், மிகுந்தால் சேறாகக் கலங்கும். 400 முதல் 500 வரை மிகுந்தால் அட்டைப்பெட்டிக்குள் வாசிப்பதுபோல் இருக்கும். 700 முதல் 1,200 வரை உள்ள இடம்தான் சுரத்தை முன்னால் நிறுத்துவது. 2,000-க்கு மேல் விரல் தந்தியைத் தொடும் ஓசை, ஃப்ரெட்டில் தந்தி படும் ஓசை. தெளிவு வேண்டுமென்றால் முதலில் 250-க்கு அருகே 2 அல்லது 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். கூட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மிட்டின் அதிர்வெண்ணை நகர்த்தும் குமிழ் உங்கள் ஆம்பில் இருந்தால், மிட்டை வேண்டுமென்றே மிக உயர்த்தி அந்தக் குமிழை மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் ஒலி மிகவும் சகிக்க முடியாததாகிறதோ அங்கேயே நிறுத்தி, பிறகு மிட்டைக் குறைத்துவிடுங்கள்.

கடையில் கேட்டபோது ஒரு ஆம்ப் அருமையாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சாதாரணமாகிவிட்டது. காது ஏமாந்துவிட்டதா?

பெரும்பாலும் ஒலியளவு ஏமாற்றியிருக்கும். இரண்டு ஆம்ப்களில் ஒன்று 1 டெசிபல் மட்டும் கூடுதலாக ஒலித்தால், அது சத்தம் கூடியதாகத் தோன்றுவதைவிட ஒலி மேம்பட்டதாகவே தோன்றும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒலி குறைவாக இருக்கும்போது நம் காது கீழ் அதிர்வெண்களை மிகவும் குறைத்தே கேட்கிறது. ஒலி கூடக் கூட அந்தக் குறை நிரம்புகிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இதை 1933-இலேயே அளந்து வெளியிட்டார்கள். கடையில் உரக்க வாசித்தபோது கிடைத்த கனம், வீட்டில் குறைந்த ஒலியில் கிடைக்காமல் போனதற்கு ஆம்ப் காரணம் அல்ல.

ஆகவே ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் சம ஒலியளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஜி தந்தியின் 12-ஆம் ஃப்ரெட்டை ஒரே விசையில் மீட்டுங்கள். அது 196 ஹெர்ட்ஸ் என்பதால் எந்த ஸ்பீக்கரும் அதைத் தடையின்றி எழுப்பும். கைபேசியை இரண்டு ஆம்ப்களுக்கும் ஒரே தூரத்தில் வைத்து, ஒலி அளக்கும் செயலியில் இரண்டும் 1 டெசிபலுக்குள் வரும்வரை சரிசெய்யுங்கள். செயலியில் ஏ, சி என்று இரண்டு அளவீட்டு முறைகள் இருந்தால் சி முறையைத் தேர்ந்தெடுங்கள். ஏ முறை 40 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 35 டெசிபலைக் கழித்துவிட்டே காட்டும் என்பதால் பேஸுக்கு அது உதவாது.

அடுத்தது, உங்கள் கையை ஒப்பீட்டிலிருந்து விலக்குவது. நாம் அறியாமலேயே பிடித்த ஆம்பில் அழுத்தியும் பிடிக்காததில் தளர்ந்தும் வாசிப்போம். பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பர் ஒன்றில் இருபது நொடிகள் வாசித்துப் பதிந்துகொண்டு, அதையே இரண்டு ஆம்ப்களுக்கும் அனுப்புங்கள். வயரை மாற்றும் வேலையை நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஆம்ப்களுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இப்படிச் செய்தபோது பெயரை வைத்து நான் பல ஆண்டுகள் உயர்வாக நினைத்திருந்த ஓர் ஆம்பை மூன்று முறையும் இரண்டாவதாகவே தேர்ந்தெடுத்தேன். அன்றிலிருந்து பெயரைப் பார்த்துக்கொண்டு ஒப்பிடுவதில்லை.

ஒப்பிடும்போது என்ன வாசித்தால் வித்தியாசம் தெரியும்?

உங்களுக்கு நன்றாக வரும் வேகமான வரிகளை வாசிக்காதீர்கள். அவை எந்த ஆம்பிலும் நன்றாகவே கேட்கும். நான் கேட்டுப் பார்ப்பவை மூன்றே. ஈ தந்தியை அழுத்தாமல் மீட்டி, அது தானாக அடங்கும்வரை விடுவது முதலாவது. நல்ல ஆம்பில் ஒலி மெலிந்துகொண்டே போனாலும் சுரம் கலையாது. இரண்டாவது, ஒரே தந்தியில் ஃப்ரெட் ஃப்ரெட்டாக 12 வரை ஏறுவது. நடுவில் ஏதாவது சுரம் திடீரென்று பருத்தாலோ மறைந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள்; அது ஆம்பா, அறையா என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் நம்பகமான சோதனை. ஈ தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டில் ஜி, அதோடு ஜி தந்தியின் 4-ஆம் ஃப்ரெட்டில் பி என்று இரண்டையும் ஒன்றாக மீட்டுங்கள். ஒன்று 49 ஹெர்ட்ஸ், மற்றது 123 ஹெர்ட்ஸ். தெளிவான ஆம்பில் இரண்டு சுரங்களும் தனித்தனியாக, ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்ததுபோல் கேட்கும். கலங்கிய ஆம்பில் கீழே உள்ளது மேலே உள்ளதை உலுக்கிக்கொண்டே இருக்கும். பி சுரம் நடுங்குவதுபோல் தோன்றும்.

எத்தனை வாட் வேண்டும்? 100 வாட்டை விட 200 வாட் இரண்டு மடங்கு சத்தம்தானே?

இல்லை. ஆற்றல் இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல். கவனித்தால் தெரியும் அளவு, அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். மாறாக, 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் தரும் கேபினெட்டுக்கு (ஸ்பீக்கர் பெட்டிக்கு) பதிலாக 100 டெசிபல் தரும் கேபினெட்டை இணைத்தால், வாட்டை இரட்டிக்காமலேயே அதே பலன் கிடைத்துவிடும். விளம்பரத்தில் வாட்டைப் பெரிய எழுத்தில் போடுவார்கள்; கேபினெட்டின் இந்த எண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேடுங்கள்.

அப்படியென்றால் வாட் எதற்கு என்று கேட்கலாம். திடீரென்று அழுத்தி மீட்டும் சுரத்தின் தொடக்கம் வெட்டுப்படாமல் வெளியே வருவதற்கு. ஆற்றல் போதாத ஆம்பில் அந்தத் தொடக்கமே முதலில் நசுங்குகிறது. முதல் பதிலில் சொன்ன மூன்றில் ஒன்று அத்தோடு போய்விடுகிறது. ட்ரம்ஸோடு வாசிப்பவர்களுக்கு ஒரு நல்ல கேபினெட்டும் 200 முதல் 300 வாட்டும் இருந்தால் பெரும்பாலும் போதுமானது. உச்ச வாட் என்று அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு, அது எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடையில்) என்று பாருங்கள். 4 ஓமில் 500 வாட் தரும் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) ஒரு தனி 8 ஓம் கேபினெட்டில் ஏறக்குறைய 250 முதல் 300 வாட்தான் தரும்.

டியூப், டிரான்சிஸ்டர், கிளாஸ் டி இவற்றில் எது தெளிவானது?

தெளிவு மட்டும்தான் கேள்வி என்றால், டியூபுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸை 1951-இல் கொண்டுவந்து, அதற்கென்றே பேஸ்மேன் ஆம்பை 1952-இல் வெளியிட்டது. அந்த ஆம்பின் பிந்தைய வடிவங்கள் உரக்க வைத்தால் இனிமையாக உடைந்து ஒலித்ததால், அவற்றைக் கொண்டாடியவர்கள் பேஸ் வாசித்தவர்களைவிட கிட்டார் வாசித்தவர்களே அதிகம். 1969-இல் ஆம்பெக் எஸ்விடி 300 வாட் டியூப் ஆற்றலோடு வந்தது. அதற்குப் பெரிய மேடைகளில் கிடைத்த பெயர் வெறும் ஆற்றலால் மட்டும் வந்ததல்ல. உரக்கத் தள்ளும்போது டியூப் மெல்ல மெல்ல நசுங்கிப் புதிய ஹார்மானிக்குகளைச் சேர்க்கிறது, அவை சுரத்தை முன்னால் கொண்டுவருகின்றன. ஆகவே டியூப் சில நேரம் தெளிவைக் கூட்டுகிறது, இன்னும் அதிகமாகத் தள்ளினால் கலக்குகிறது.

மின்சாரத்தை அதிவேகமாக மூடித் திறந்து இயங்கும் கிளாஸ் டி ஹெட்கள் இரண்டு மூன்று கிலோ எடையில் பல நூறு வாட் தருகின்றன. அவை உயிரற்று ஒலிக்கின்றன என்ற குற்றச்சாட்டை அடிக்கடி கேட்கிறேன். என் அனுபவத்தில் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி ஆற்றல் பகுதியில் இல்லை. அதற்கு முன்னால் உள்ள ப்ரீஆம்ப் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. நான்காவது பதிலில் சொன்னபடி ஒலியளவைச் சமன்செய்து கேட்டால் இந்தச் சண்டை பாதியாகக் குறைந்துவிடும்.

15 அங்குல ஸ்பீக்கர்தான் கீழே இறங்கும், 10 அங்குலம் தெளிவாக இருக்கும் என்கிறார்களே?

ஸ்பீக்கரின் அளவு மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. அதன் அதிரும் கூம்பான கோன் எவ்வளவு தூரம் முன்பின் நகர முடியும், காந்தம் எவ்வளவு வலுவானது, பெட்டியின் கொள்ளளவு என்ன, காற்றுத் துளை எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டது என்பவை சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஹாஃப்மன் விதி என்று ஸ்பீக்கர் வடிவமைப்பில் ஒன்று உண்டு: சிறிய பெட்டி, ஆழமான கீழ் ஒலி, கொடுத்த ஆற்றலுக்கு அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். மூன்றும் தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

பெருமை பெற்ற ஒரு கேபினெட்டையே எடுத்துக்கொள்வோம். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட ஆம்பெக்கின் எஸ்விடி 810 வரிசையில் பரவலாக விற்பனையாகும் மாதிரிக்குத் தயாரிப்பாளர் தரும் விவரப்படி, 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் இறங்கிவிடுகிறது. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் இறங்கிவிடுகிறது. அதாவது, அழுத்தாத ஏ தந்தியின் அடி அதிர்வே அதில் முழுதாக வருவதில்லை. மேடையில் அதைக் கேட்ட யாரும் கனம் போதவில்லை என்று சொல்வதில்லை. நாம் கனம் என்று நினைப்பதில் பெரும்பங்கு 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியிலிருந்தே வருகிறது.

மூடிய கேபினெட், துளை உள்ள கேபினெட் என்ன வித்தியாசம்?

மூடிய பெட்டியில் கீழ் ஒலி ஓர் எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் என்று மெதுவாக இறங்கும். துளை உள்ள பெட்டி அந்த எல்லை வரை முழுதாக நின்று, பிறகு ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று செங்குத்தாக இறங்கும். மூடியதில் சுரம் சட்டென்று நிற்கும். துளை உள்ளதில் குறைந்த ஆற்றலில் அதிகக் கனம் கிடைக்கும். நன்றாக வடிவமைத்த துளைப் பெட்டி மோசமான மூடிய பெட்டியைவிடத் தெளிவாகவே இருக்கும்.

ட்வீட்டரைப் போட்டால் இரைச்சல், அணைத்தால் மங்கல். என்ன செய்வது?

பாதியில் வையுங்கள். ட்வீட்டர் பெரும்பாலும் 2,500 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைத்தான் கையாளுகிறது. சுரத்தின் அடையாளம் அதற்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. கட்டை விரலால் அடித்து வாசிப்பவர்களுக்கு அது தேவை, விரலால் மீட்டுபவர்களுக்குச் சிறிதளவு போதும். இரைச்சல் அதிகமாக இருந்தால் முதலில் உள்ளே வரும் ஒலியைக் கூட்டும் கெயினைப் பாருங்கள்: கெயின் மிகக் குறைவாகவும் மொத்த ஒலியளவான மாஸ்டர் மிக அதிகமாகவும் இருந்தால், ஆம்பின் சொந்த இரைச்சலைத்தான் பெரிதாக்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே ஒரு சுரம் மட்டும் அறையே அதிர்வதுபோல் கேட்கிறது. ஆம்பில் கோளாறா?

அறையில் என்று சொல்வேன். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 8.3 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 4 மீட்டர் உள்ள அறையில் 43 ஹெர்ட்ஸுக்கு அருகே நிலையலை உருவாகும். ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் உள்ள எஃப் சுரம் 43.7 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த அறையில் எஃப் மட்டும் உறுமும். அந்த ஒரு சுரத்துக்காக நீங்கள் பேஸ் குமிழைக் குறைத்தால் மற்ற சுரங்கள் எல்லாம் மெலிந்துபோகும்.

ஆம்பைச் சுவரை ஒட்டி வைத்தால் கீழ் ஒலி 6 டெசிபல் வரை கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். ஒலியை லூப்பரில் ஓடவிட்டு, ஆம்பை ஓர் அடி ஓர் அடியாக நகர்த்திக் கேளுங்கள். பிறகு நீங்களும் அறைக்குள் நடந்து பாருங்கள். ஒரு சிறிய ஒத்திகை அறையில் இப்படி நடந்தபோது, கதவருகே காதை அடைத்த அதே எஃப், நடு அறையில் இரண்டு எட்டு வைத்ததும் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. ஒருவர் இருக்கும் இடத்தில் இனிமையாகவும் இன்னொருவர் இடத்தில் இரைச்சலாகவும் கேட்பதை வைத்து எத்தனை குழுக்களில் மனக்கசப்பு வந்திருக்கிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இருவரும் இடம் மாறி நின்றாலே போதும்.

மேடையின் தளம் உள்ளீடற்ற பலகையாக இருந்தால், ஆம்பைத் தடித்த நுரைப் பலகை மேல் வையுங்கள். ஓர் அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 35 அல்லது 40 ஹெர்ட்ஸில் வையுங்கள். தெளிவுக்கு நான் முதலில் சொல்லும் கருவி அதுதான். காதுக்கு எட்டாத அதிர்வுகளில் கோன் வீணாக நகர்வது நின்றுவிட்டால், மீதி எல்லாம் இறுக்கமாகிறது.

எனக்கே நான் கேட்கவில்லை, ஆனால் கேட்பவர்கள் பேஸ் அதிகம் என்கிறார்கள். யாரை நம்புவது?

அவர்களை. கீழ் ஒலி எல்லாத் திசையிலும் பரவுகிறது. மேல் ஒலி ஸ்பீக்கர் பார்க்கும் திசையில் மட்டும் நேராகச் செல்கிறது. உங்கள் ஆம்ப் தரையில் இருந்து உங்கள் முழங்காலை நோக்கி ஒலிக்கிறது என்றால், சுரத்தைக் காட்டும் பகுதி முழுவதும் காதுக்குக் கீழே சென்றுவிடுகிறது. அதைத்தான் எதிரே இருப்பவர்கள் கேட்கிறார்கள். நீங்கள் கேட்பது மீந்த கனத்தை மட்டுமே. அது போதாமல் மேலும் கூட்டுகிறீர்கள். ஆம்பை ஒரு நாற்காலியின் உயரத்துக்கு ஏற்றுங்கள், அல்லது மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

பேஸ் அலை உருவாக எட்டு மீட்டர் வேண்டும், அதனால்தான் அருகில் கேட்பதில்லை என்ற விளக்கமும் புழக்கத்தில் உள்ளது. அது சரியல்ல. அப்படியிருந்தால் ஹெட்ஃபோனில் பேஸே கேட்கக் கூடாது.

8 ஓம் கேபினெட் ஒன்றும் 4 ஓம் கேபினெட் ஒன்றும் சேர்த்துப் போடலாமா?

இணையாக இணைத்தால் மொத்தம் 2.67 ஓம் ஆகும். உங்கள் ஹெட்டின் குறைந்தபட்ச எல்லை 4 ஓம் என்றால் போடக் கூடாது. அது சூடாகி நின்றுவிடும் அல்லது பழுதாகும். எல்லை 2 ஓம் என்றால் போடலாம், ஆனால் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கை 4 ஓம் கேபினெட்டே எடுத்துக்கொள்ளும். ஒரே மாதிரியான இரண்டு 8 ஓம் கேபினெட்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பதுதான் தெளிவுக்கும் நல்லது. வெவ்வேறு வகைகள் கலக்கும்போது சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பக்கவாட்டில் வைத்தால் நிற்கும் இடத்துக்கு ஏற்ப மேல் ஒலி மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். டியூப் ஹெட்டை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் இடையே கிட்டார் வயரைப் போடாதீர்கள். வெளியே பார்க்க அதுவும் ஸ்பீக்கர் வயரும் ஒன்றுபோல் இருந்தாலும், கிட்டார் வயருக்குள் இருப்பது ஆற்றலைச் சுமக்க முடியாத மெல்லிய கம்பி.

ஆம்பை மாற்றினால் தெளிவு வந்துவிடுமா, குறை வேறெங்காவது இருக்குமா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்களில் பலர் ஆம்பை மாற்றாமலேயே திருப்தியாகப் போயிருக்கிறார்கள். ஒருவர் புதிய ஆம்ப் வாங்கும் முடிவோடு வந்தார். அவருடைய பேஸை வாங்கிப் பார்த்தபோது ஈ தந்தியின் சுருள்களுக்கு இடையே விரல் அழுக்கு கறுப்பாக இறுகிக் கிடந்தது. தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப்பின் ஒரு முனை தந்தியை ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருந்தது. புதிய தந்தி போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கும்படி திருகைத் தளர்த்தினோம். அதே ஆம்ப், அதே குமிழ் நிலை. ஈ தந்தி அடுத்த மூன்று தந்திகளோடு ஒரே குரலில் பேசத் தொடங்கியது.

ஆகவே தந்தி, பிக்கப் உயரம், வயர், ஆக்டிவ் பேஸாக இருந்தால் 9 வோல்ட் பேட்டரி என்ற வரிசையில் பார்த்துவிட்டு ஆம்புக்கு வாருங்கள். பேட்டரி இல்லாத பேஸிவ் பிக்கப்போடு மிக நீண்ட வயர் போட்டால் மேல் ஒலி கொஞ்சம் வயரிலேயே போய்விடும். மீட்டும் இடமும் முக்கியம்: தந்திகள் முடியும் பிரிட்ஜை நோக்கி இரண்டு அங்குலம் கையை நகர்த்துவது, மிட் குமிழைத் தொடாமலேயே மிட்டைக் கூட்டுவதற்குச் சமம்.

ஐந்து தந்தி பேஸில் பி தந்தி மட்டும் கொழகொழவென்று இருக்கிறது. பெரிய கேபினெட் வாங்க வேண்டுமா?

பி தந்தியின் அடி அதிர்வு 30.9 ஹெர்ட்ஸ். அதை முழுதாக எழுப்பும் கேபினெட்டைத் தேடினால் தூக்க முடியாத ஒன்றில்தான் போய் நிற்பீர்கள். தேவையும் இல்லை, 62 ஹெர்ட்ஸும் 93 ஹெர்ட்ஸும் தெளிவாக இருந்தால் காது மீதியை நிரப்பிக்கொள்ளும். தந்தியின் இழுவிசைதான் இங்கே பெரிய விஷயம். 34 அங்குல நீளத்தில் சற்றுத் தடித்த பி தந்தி போட்டுப் பாருங்கள். 35 அங்குல நீளமுள்ள பேஸ்களை ஐந்து தந்திக்கென்று செய்வதன் காரணமும் அந்த இழுவிசையே. மேலே சொன்ன ஹை பாஸ் ஃபில்டரைப் போட்டால் பி தந்தி போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது இன்னும் தெளிவாகும்.

கம்ப்ரஸர் போட்டால் தெளிவு கூடுமா?

கம்ப்ரஸர் உரத்த ஒலியைத் தானாக அடக்கிச் சமன்செய்வது. சுரங்கள் சமமற்று ஒலிப்பது குறை என்றால் கூடும். அட்டாக் (அது அடக்கத் தொடங்கும் நேரம்) மிக வேகமாக இருந்தால் விரல் தந்தியை விடும் அந்த முதல் நொடித்துளியையே அது விழுங்கிவிடும். அட்டாக் 20 முதல் 40 மில்லிநொடி, அடக்கும் விகிதம் 3-க்கு 1 அல்லது 4-க்கு 1 என்று தொடங்குங்கள். இங்கேயும் கம்ப்ரஸர் போட்ட ஒலியையும் போடாத ஒலியையும் சம அளவுக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆம்பில் அருமையாக இருக்கிறது, மிக்ஸருக்குப் போகும் டிஐ ஒலி தட்டையாக இருக்கிறது. ஏன்?

டிஐ என்பது ஆம்பிலிருந்து மிக்ஸருக்கு நேராகச் செல்லும் இணைப்பு. அதன் வழியே செல்வதில் உங்கள் கேபினெட் இல்லை. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேபினெட் வடிகட்டுவதும் கீழே அது சேர்க்கும் பருமனும் அங்கே போய்ச் சேராது. ஈக்யூவுக்கு முன், பின் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அறைக்காக நீங்கள் குமிழ்களை மாற்றிக்கொண்டே இருப்பவர் என்றால் முன் நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மூலைக்காகக் குறைத்த கீழ் ஒலி அரங்கம் முழுவதற்கும் குறைந்துபோகும். ஆம்பின் குணம் வெளியே போக வேண்டும் என்றால் பின் நிலையில் வைத்து, ஒலிப்பதிவாளரிடம் சொல்லிவிட்டு, அதன்பிறகு குமிழ்களைத் தொடாமல் இருங்கள்.

குழுவோடு தெளிவாக இருக்கும் அமைப்பு, தனியாக வாசித்தால் மூக்கால் பாடுவதுபோல் அசிங்கமாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளவா?

வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வாசிப்பதற்கு வேறோர் அமைப்பும் வைத்துக்கொள்ளுங்கள். தனிமையில் நமக்குப் பிடிப்பது மிட்டைக் குழிவாக்கிய, கீழும் மேலும் மின்னும் ஒலி. குழுவில் அந்தக் குழியைத்தான் கிட்டாரும் கீபோர்டும் நிரப்புகின்றன. இரண்டும் ஒரே குமிழ் நிலையில் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்துதான் பலர் ஆம்ப் மேல் ஆம்பாக மாற்றுகிறார்கள். கைபேசியை அறையின் நடுவில் வைத்து ஒத்திகையை ஒருமுறை பதிந்து கேளுங்கள். அசிங்கமாகத் தோன்றிய அந்த ஒலி, பதிவில் பேஸ் வரியைத் தெளிவாகக் காட்டுவதைக் கேட்பீர்கள்.

எல்லாச் சோதனையும் செய்துவிட்டேன். இரண்டு ஆம்ப்கள் சமமாக இருக்கின்றன. எதை எடுப்பது?

மிட் அதிர்வெண்ணை நகர்த்தும் குமிழ், ஹை பாஸ் ஃபில்டர், டிஐ முன்பின் சுவிட்ச் ஆகியவை எதில் இருக்கின்றனவோ அதை எடுங்கள். அதிலும் இரண்டும் சமம் என்றால், அறையை அமைதியாக்கி ஒலியளவை முழுக்கக் குறைத்து ஆம்புக்குள் இருக்கும் மின்விசிறியின் ஓசையைக் கேளுங்கள். அதன்பிறகு ஒவ்வொன்றையும் ஒரு கையால் தூக்கி, மாடிப்படியில் ஒரு தளம் ஏறி இறங்கிப் பாருங்கள்.